குப்பைக்கிடங்கு பக்கத்துல போர் தண்ணி, ரிப்போர்ட்ல லெட் (ஈயம்) வந்திருக்கு. என்ன பண்ணலாம்?

தாகம்தீரல:

வணக்கம் மக்களே. எங்க வீட்டுல இருந்து ஒரு 400 மீட்டர்ல நகராட்சி குப்பைக்கிடங்கு. ரொம்ப வருஷமா கொட்டிட்டு இருக்காங்க, அடியில ஷீட் கீட் எதுவும் போட்ட மாதிரி தெரியல, பள்ளத்துல கொட்ட ஆரம்பிச்சு இப்ப மேடாகி நிக்குது. எங்க போர் 120 அடி. முன்னாடி தண்ணி நல்லா தான் இருந்துச்சு, இப்ப என்னன்னா பக்கெட்ல பிடிக்கும்போது தெளிவா இருக்கு, கொஞ்ச நேரம் கழிச்சு பாத்தா மஞ்சளாகி அடியில செம்பழுப்பா படியுது, பாத்ரூம் டைல்ஸ்ல கருப்பா ஒரு கறை, எத தேச்சாலும் போகல.

சரின்னு லேப்ல குடுத்தோம். வந்த ரிப்போர்ட் (எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம்): டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு எல்லாம் சேத்து) 1150, குளோரைடு 340, நைட்ரேட் 2, இரும்பு 2.8, மாங்கனீஸ் 0.9, லெட் 0.014, குரோமியம் 0.02, காட்மியம் பிடிஎல் (மெஷின் கண்டுபிடிக்கிற அளவுக்கு கீழன்னு அர்த்தமாம்).

லெட்டை பாத்ததுல இருந்து தூக்கம் இல்ல, வீட்டுல சின்ன குழந்தை இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர், "அட கொஞ்சம் தான கூட இருக்கு, நைட்ரேட் பாருங்க எவ்ளோ கம்மி, தண்ணி சுத்தம் தான், ஆர்ஓ போட்டா முடிஞ்சுது"ங்கிறார். இந்த லெட் குப்பையில இருந்து தான் வருதா? ஆர்ஓ போதுமா? குளிக்க, செடிக்கு ஊத்த பயன்படுத்தலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லேப்_பழசு:

தண்ணி டெஸ்ட் பண்ற வேலையில பாதி ஆயுசு போயிருக்கு, அதனால ரிப்போர்ட்டுக்கு முன்னாடி சாம்பிளைப் பத்தி கேக்கறேன். எந்தக் குழாய்ல பிடிச்சீங்க? காலையில எழுந்ததும் முதல் தண்ணியா, இல்ல மோட்டார் ஓடவிட்டு பிடிச்சதா? பாட்டில் லேப் குடுத்ததா? அதுல நைட்ரிக் ஆசிட் விட்டிருந்தாங்களா?

ஏன் கேக்கறேன்னா லெட் ரொம்ப நசநசன்னு புடிச்ச உலோகம். ராத்திரி முழுக்க பைப்புல நின்ன தண்ணி, பித்தளை குழாய், பழைய சால்டர் ஜாயின்ட், சில பழைய பிவிசி பைப்பு, இது எல்லாத்துல இருந்தும் லெட்டை இழுத்துக்கும். அமெரிக்காவுல ஃப்ளின்ட்ல 2014ல நடந்தது இதே கதை தான், ஆத்துத் தண்ணியில லெட் இல்ல, அரிமானத்தை தடுக்க எதுவும் சேர்க்காம விட்டதால பைப்பே கரைஞ்சு வந்துச்சு. இன்னொரு பக்கம், ஆசிட் விடாத பிளாஸ்டிக் பாட்டில்ல ரெண்டு மூணு நாள் கிடந்தா இருக்கிற லெட்டும் பாட்டில் சுவத்துல ஒட்டிக்கும், இரும்பு துருவா படியும்போது அதோட சேந்து கீழ போயிடும், அப்ப ரிப்போர்ட் கம்மியா காட்டும். ஆக உங்க 0.014 நிஜத்தை விட கூடவும் இருக்கலாம், கம்மியாவும் இருக்கலாம்.

அப்புறம் அந்த காட்மியம் பிடிஎல். எந்த அளவுக்கு கீழன்னு எழுதியிருக்கா? உலக சுகாதார நிறுவனம் சொல்ற வரம்பு 0.003. லேபோட மெஷின் 0.01 வரைக்கும் தான் பாக்கும்னா, வரம்பைப் போல மூணு மடங்கு இருந்தாலும் பிடிஎல்னு தான் அடிச்சுக் குடுப்பாங்க. ரிப்போர்ட்ல "முறை"னு ஒரு கட்டம் இருக்கும், அதுல ஐசிபி-எம்எஸ்னு (ரொம்ப நுணுக்கமா அளக்கிற மெஷின்) இருந்தா இந்த மாதிரி சின்ன எண்ணை எல்லாம் நம்பலாம். ஃப்ளேம் ஏஏஎஸ்னு (அந்த அளவுக்கு நுணுக்கம் இல்லாத மெஷின்) இருந்தா 0.014ங்கிற லெட் எண்ணையே நான் ஒரு குத்துமதிப்பா தான் எடுத்துப்பேன்.

லெட்டுக்கு வரம்பு 0.01. ஆனா அது "இதுக்கு கீழ ஆபத்தில்ல"ன்னு சொல்ற எண் கிடையாது, சுத்திகரிச்சும் அளந்தும் எட்ட முடியுற அளவுன்னு வச்சது. குழந்தை இருக்கிற வீட்டுல அந்தத் தண்ணியை குடிக்க, சமைக்க இன்னியோட நிறுத்திடுங்க, மத்ததை மெதுவா கண்டுபிடிக்கலாம். காய்ச்சி குடிக்கலாம்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, தண்ணி ஆவியா போகும், உலோகம் போகாது, செறிவு கூடத்தான் செய்யும்.

பாறைக்கு_அடியில:

நிலத்தடி நீர் ஆளு நான். லெட்டை பத்தி லேப்_பழசு சொல்லிட்டார், ஆனா இந்த ரிப்போர்ட்ல என் கண்ணுல முதல்ல பட்டது லெட் இல்ல. மாங்கனீஸ் 0.9. உலக சுகாதார நிறுவனம் 2021ல மாங்கனீஸுக்கு தற்காலிக வரம்பு 0.08னு வச்சிருக்கு, அதுவும் பாட்டில் பால் குடிக்கிற பச்சைக் குழந்தைங்களை மனசுல வச்சு வச்சது. உங்களுக்கு அதைப் போல பதினோரு மடங்கு. மாங்கனீஸ்னா வெறும் கறைன்னு நினைச்சு எல்லாரும் தாண்டிப் போயிடுறாங்க, அந்தக் கருப்புக் கறையே அது தான்.

ரெண்டாவது, இந்த லிஸ்ட்ல ஆர்செனிக்கே இல்ல. அதை ஏன் எடுக்கலன்னு எனக்கு புரியல.

கொஞ்சம் விளக்கமா சொல்றேன். குப்பைமேட்டுக்குள்ள மழைத்தண்ணி இறங்கி அழுகினதோட கலந்து வர்ற கருப்புத் தண்ணி தான் லீச்சேட். புதுக் குப்பையில முதல்ல அமிலமா இருக்கும், பிஎச் 5க்கு கீழகூட போகும், அப்ப உலோகம் நல்லா கரையும். ஆனா அந்தக் கட்டம் ரொம்ப வருஷம் ஓடாது. உள்ள ஆக்சிஜன் தீந்து மீத்தேன் வர்ற கட்டத்துக்கு போனதும் பிஎச் 7, 8னு ஏறிடும், சல்ஃபேட் எல்லாம் சல்ஃபைடா மாறும், லெட், காட்மியம், ஜிங்க், நிக்கல் இதெல்லாம் சல்ஃபைடோடயும் கார்பனேட்டோடயும் சேந்து கெட்டியா குப்பைக்குள்ளயே உக்காந்துடும். 2002ல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்புல, கிடங்குக்குள்ள போற கன உலோகத்துல 30 வருஷத்துல வெளிய கசியறது 0.02 சதவீதத்துக்கும் கம்மின்னு இருக்கு.

அப்ப பிரச்சனை இல்லையான்னா, இருக்கு, ஆனா வேற வழியா வருது. இந்த லீச்சேட் மண்ணுக்குள்ள போகும்போது அதுல இருக்கிற அழுகல் பொருளை தின்னுற பாக்டீரியா அங்க இருக்கிற ஆக்சிஜனை காலி பண்ணும், அடுத்து நைட்ரேட்டை காலி பண்ணும், அப்புறம் மண்ணுல துருவா ஒட்டிட்டு இருக்கிற மாங்கனீஸ், அப்புறம் இரும்பு. துரு கரைஞ்சா அதுல காலங்காலமா ஒட்டிட்டு இருந்த ஆர்செனிக்கும் தண்ணிக்குள்ள வந்துடும். அதாவது குப்பையில ஒரு துளி ஆர்செனிக் இல்லாட்டியும், குப்பை வந்து மண்ணுல இருக்கிறதை கிளப்பி விடும். அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல வின்த்ராப்னு ஒரு பழைய குப்பைமேடு, அங்க நிலத்தடி நீர்ல வந்த ஆர்செனிக் பெரும்பாலும் அந்த மண்ணோட சொந்தச் சரக்கு, லீச்சேட் தான் அதை அவிழ்த்து விட்டதுன்னு ஆராஞ்சு சொல்லியிருக்காங்க. வங்கதேசத்து அடிபம்பு ஆர்செனிக்கும் அடிப்படையில இதே வேதியியல் தான், அங்க குப்பை இல்ல, மண்ணுல இயற்கையாவே புதைஞ்சு மக்கின பொருள்.

இப்ப உங்க பக்கத்து வீட்டுக்காரர் "நைட்ரேட் கம்மி"ன்னு சந்தோஷப்பட்டாரே, வீடுங்க நெருக்கமா இருக்கிற இடத்துல நைட்ரேட் வெறும் 2, கூடவே இரும்பும் மாங்கனீஸும் ஏறி இருக்குன்னா, நைட்ரேட்டை பாக்டீரியா தின்னு முடிச்சு அடுத்த பந்திக்கு உக்காந்துடுச்சுன்னு அர்த்தம். எனக்கு அது சந்தோஷமான எண் இல்ல. தண்ணி பிடிக்கும்போது தெளிவா இருந்து அப்புறம் மஞ்சளாகுறதும் அதே தான், கரைஞ்ச இரும்பு காத்து பட்டு துருவாகுது.

ஒண்ணு பண்ணுங்க. குப்பைமேட்டுக்கு அந்தப் பக்கம், நிலத்தடி நீர் எந்தப் பக்கத்துல இருந்து வருதோ அங்க, அதே ஆழத்துல ஒரு போரைப் புடிச்சு அதுலயும் இதே டெஸ்ட் எடுங்க. அது இல்லாம "குப்பையால தான்"னு யாராலயும் சொல்ல முடியாது, ஏன்னா குளோரைடு செப்டிக் டேங்க்ல இருந்தும் வரும். கூட அம்மோனியாவும் பொட்டாசியமும் சேத்து எடுங்க. குளோரைடு மண்ணுல எதுலயும் ஒட்டாம தண்ணியோடயே ஓடும், அதனால அது தான் முன்னாடி வந்து நிக்கும், உலோகம் பின்னாடி நொண்டிட்டு வரும். 340 வந்துடுச்சுன்னா லீச்சேட் அலை உங்க போரைத் தொட்டாச்சுன்னு ஒரு சந்தேகம் எனக்கு.

சும்மா_கேட்டேன்:

எல்லாம் சரி, ஆனா "0.02 சதவீதம் தான் வெளிய வரும்"னு பொதுவுல எழுதினா, இதை ஒரு அதிகாரி எடுத்து வச்சுக்கிட்டு குப்பைமேட்டால ஒண்ணும் ஆகாதுன்னு பேசுவார். கார் பேட்டரி, டியூப் லைட்டு, பழைய டிவி, நிக்கல்-காட்மியம் செல்லு எல்லாம் அங்க தான் கிடக்கு. டெய்லி தீ வேற வைக்கிறாங்க. இதெல்லாம் சல்ஃபைடாகி சமத்தா உக்காந்துக்குமா?

பாறைக்கு_அடியில:

நியாயமான கேள்வி. அந்த 0.02 எல்லாம் ஒழுங்கா அமுக்கி, மண்ணு போட்டு மூடி, உள்ள காத்து போகாம வச்ச கிடங்குங்களை பாத்து வந்த எண். திறந்தவெளிக் குப்பைமேடு வேற ஜாதி. தீ வச்சா அட்டை பிளாஸ்டிக் எரிஞ்சு போகும், உலோகம் சாம்பல்ல செறிவாகி நிக்கும், அடுத்த மழையில கழுவிட்டு போகும். கார் பேட்டரியில லெட்டோட கந்தக அமிலமும் சேந்தே ஊத்துது. மேடு ஆழமில்லாம பரந்து கிடந்தா உள்ள காத்து போயிட்டே இருக்கும், சல்ஃபைடு பூட்டு சரியா விழாது. அடியில பாறை வெடிப்பா இருந்தா களிமண்ணு மாதிரி பிடிச்சு வைக்க ஒண்ணும் இல்ல, வெடிப்பு போற வழியில தண்ணி நேரா ஓடிடும், 400 மீட்டர் எல்லாம் ஒரு தூரமே இல்ல.

இன்னொண்ணு, 0.02 சதவீதம் வெளிய வருதுன்னா மிச்சம் 99.98 உள்ளயே இருக்கு, இல்லையா. நாளைக்கு மேட்டை தோண்டி கிளறினா காத்து பட்டு சல்ஃபைடு ஆக்சிஜனேற்றம் ஆகி உலோகம் திரும்ப கரைய வழி இருக்கு. அந்த அதிகாரிகிட்ட இதையும் சேத்து சொல்லுங்க.

மாடித்தோட்டம்:

நான் செடிக்கு மட்டும் பதில் சொல்றேன். பூச்செடிக்கு ஊத்துங்க, பிரச்சனை இல்ல. கீரைக்கு வேண்டாம். காட்மியம் தான் காரணம், லெட் பெரும்பாலும் வேர்லயும் மண்ணுலயும் தங்கிடும், காட்மியம் வேர் வழியா ஏறி இலைக்கு போயிடும், செடி வாடக்கூட வாடாது, பச்சைப்பசேல்னு நிக்கும். ஜப்பான்ல ஜின்ஸு ஆத்துப் பக்கம் சுரங்கத்துல இருந்து வந்த காட்மியம் பாசன நீர் வழியா நெல்லுக்குள்ள போயி, சாப்பிட்டவங்களுக்கு, அதுலயும் வயசான பொம்பளைங்களுக்கு, எலும்பு உடையுற அளவுக்கு ஆச்சு, வலி தாங்காம கத்தினதுல இருந்தே அந்த நோய்க்கு இதாய்-இதாய்னு பேர் வந்துச்சு, 1968ல தான் அரசாங்கம் ஒத்துக்கிச்சு. உங்க ரிப்போர்ட்ல காட்மியம் பிடிஎல்னு இருந்தாலும், லேப்_பழசு சொன்ன மாதிரி அது எவ்ளோன்னு தெரியுற வரைக்கும் சாப்பிடுற செடிக்கு மழைத்தண்ணி சேத்து ஊத்துங்க.

லேப்_பழசு:

குளிக்கிறதை யாரும் சொல்லல. இந்த அளவு லெட், மாங்கனீஸ் தோல் வழியா பெருசா உள்ள போகாது, குளிக்கலாம், துணி துவைக்கலாம், வெள்ளைத் துணி தான் பழுப்பாகும். குழந்தை குளிக்கும்போது தண்ணியை குடிக்காம பாத்துக்கோங்க, அவ்ளோ தான்.

தாகம்தீரல:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ பதில் வரும்னு நினைக்கல. லேப்_பழசு சார், சாம்பிள் காலையில கிச்சன் பித்தளை குழாய்ல பிடிச்சது, வீட்டுல இருந்த காலி பாட்டில், லேப்ல குடுக்க ரெண்டு நாள் ஆச்சு. முறை ஏஏஎஸ்னு தான் இருக்கு. மேட்டுக்கு அந்தப் பக்கம் தெரிஞ்சவங்க வீட்டு போர் ஒண்ணு இருக்கு, 110 அடி, கேட்டா விடுவாங்க. எப்படி பிடிக்கணும்னு சொல்லுங்க, இந்த தடவை ஐசிபி இருக்கிற லேப்ல குடுக்கறேன்.

லேப்_பழசு:

லேப்ல இருந்தே பாட்டில் வாங்குங்க, உலோகத்துக்கு ஆசிட் விட்ட பாட்டில் தனி, குளோரைடு நைட்ரேட் அம்மோனியாவுக்கு ஆசிட் இல்லாத பாட்டில் தனி. ஒரே பாட்டில்ல எல்லாத்தையும் எடுத்தா நைட்ரிக் ஆசிட் விட்டதுல நைட்ரேட் பாப்பாங்க, எகிறும் பாருங்க. ஆசிட் பாட்டிலை கழுவாதீங்க, நிரம்பி வழியவும் விடாதீங்க.

உங்க வீட்டுல லெட்டுக்கு ரெண்டு எடுங்க. ஒண்ணு ராத்திரி குழாய் திறக்காம வச்சு காலையில முதல் தண்ணி, கிச்சன் குழாய்ல. இன்னொண்ணு மோட்டார் பக்கத்துலயே, டேங்குக்கு போறதுக்கு முன்னாடி, நல்லா ஓடவிட்டு தண்ணியோட சூடு ஒரே மாதிரி வர்ற வரைக்கும் காத்திருந்து. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் தான் உங்க வீட்டு பைப்பு. அந்த டிடிஎஸ் பேனாவை வச்சு லெட் பாக்கறேன்னு மட்டும் யாரும் கிளம்பாதீங்க, 1150ல 0.014 எங்க தெரியும்?

தாகம்தீரல:

ரிசல்ட் வந்துடுச்சு. கிச்சன் முதல் தண்ணி லெட் 0.016. மோட்டார் பக்கத்துல 0.002. காட்மியம் 0.0005க்கு கீழ. மாங்கனீஸ் அதே 0.9, ஆர்செனிக் 0.021, அம்மோனியா 6, குளோரைடு 350. அந்தப் பக்கத்து போர்ல மாங்கனீஸ் 0.04, ஆர்செனிக் 0.001க்கு கீழ, அம்மோனியா இல்ல, நைட்ரேட் 18, குளோரைடு 70.

அப்ப லெட் எங்க வீட்டு பித்தளை குழாய், ஆர்செனிக் குப்பையால. பாறைக்கு_அடியில நீங்க சொன்னது அப்படியே வந்திருக்கு. இப்ப ஆர்ஓ போட்டா ஆர்செனிக் போயிடுமா? வீட்டுல அப்பா, இன்னும் ஆழமா 300 அடிக்கு புது போர் போட்டுடலாம்ங்கிறார். குப்பைக்கிடங்கை மூடப் போறாங்கன்னும் ஒரு பேச்சு இருக்கு, மூடினா சரியாயிடுமா?

லேப்_பழசு:

லெட் கதை முடிஞ்சுது, குழாயை மாத்துங்க. ஆர்செனிக் வரம்பு 0.01, உங்களுக்கு ரெண்டு மடங்கு. ஆர்ஓவுல ஒரு சிக்கல். ஆக்சிஜன் இல்லாத தண்ணியில ஆர்செனிக் பெரும்பாலும் மூணாவது நிலையில, மின்னூட்டம் இல்லாம இருக்கும், ஆர்ஓவுல இருக்கிற மெம்பரேன் (வடிகட்டுற சவ்வு) அதை, மின்னூட்டம் இருக்கிற அஞ்சாவது நிலை ஆர்செனிக் அளவுக்கு தடுக்காது. முன்னாடியே குளோரின் விட்டு ஆக்சிஜனேற்றம் பண்ணணும், ஆனா குளோரின் மெம்பரேனை தின்னுடும், அதனால நடுவுல கார்பன் ஃபில்டர். மெம்பரேனுக்கு முன்னாடி இரும்பையும் எடுக்கணும், இல்லாட்டி 2.8 இரும்பும் 0.9 மாங்கனீஸும் மெம்பரேனை சீக்கிரமே அடைச்சு வைக்கும். ஒரு நல்ல விஷயம், காத்தும் குளோரினும் பட்டு இரும்பு துருவா படியும்போது ஆர்செனிக்ல ஒரு பங்கையும் இழுத்துட்டு போகும், அதை மணல் ஃபில்டர்ல பிடிச்சிடலாம். இவ்ளோவும் போட்டுட்டு வெளிய வர்ற தண்ணியில ஆர்செனிக்கும் மாங்கனீஸும் டெஸ்ட் எடுத்து பாத்துட்டு தான் குழந்தைக்கு குடுக்கணும். குழாய்ல நகராட்சி தண்ணி வருதுன்னா குடிக்க அதுக்கே மாறிடுங்க, தலைவலி மிச்சம்.

பாறைக்கு_அடியில:

மூடுறது நல்லது தான், மேல களிமண்ணும் ஷீட்டும் போட்டா மழை இறங்குறது குறையும், லீச்சேட் குறையும். ஆனா ஏற்கனவே மண்ணுக்குள்ள போனது போனது தான், அது ஓடி முடிய பல பத்து வருஷம் ஆகும். அமெரிக்காவுல 1991 விதிப்படி அடியில ரெண்டு அடி களிமண்ணும் அதுக்கு மேல ஷீட்டும் போட்டு கட்டின கிடங்கையே மூடினதுக்கு அப்புறம் 30 வருஷம் சுத்தி கிணறு போட்டு பாக்கச் சொல்றாங்க. உங்க மேட்டுக்கு அடியில ஷீட்டே இல்ல. மூடுறப்ப கண்காணிப்புக் கிணறு போடுவாங்களா, உங்க பக்கம் எத்தனை, ரிசல்ட்டை வெளியிடுவாங்களான்னு எழுத்துல கேளுங்க. உங்க ரெண்டு போர் ரிசல்ட்டையும் சேத்து குடுத்தீங்கன்னா தட்டிக் கழிக்கிறது கஷ்டம்.

300 அடி போருக்கு அவசரப்படாதீங்க. இப்ப அலை மேல் அடுக்குல இருக்கு. அதைத் துளைச்சுட்டு கீழ போயி, கேசிங்கை (போர் ஓட்டைக்குள்ள இறக்குற பைப்பை) மேல நாப்பது அடியோட நிறுத்திட்டா, மேல இருக்கிற அழுக்குத் தண்ணி அந்த ஓட்டை வழியாவே கீழ இறங்கி நல்ல அடுக்கையும் கெடுக்கும், நீங்க மோட்டார் போட்டு இழுக்க இழுக்க வேகமா இறங்கும், உங்களுக்கு மட்டும் இல்ல அந்த ஏரியாவுக்கே. போடுறதா இருந்தா கெட்ட அடுக்கு முழுக்க தாண்டி கேசிங் இறக்கி, கேசிங்குக்கு வெளிப்பக்கம் சுத்தி இருக்கிற இடைவெளியில சிமென்ட் க்ரௌட் (சிமென்ட் குழம்பு) அடிக்கணும். போர் போடுறவர்கிட்ட இதை முதல்ல கேளுங்க, "அதெல்லாம் யாரும் பண்றதில்ல"ன்னு சொன்னா அவரை விட்டுடுங்க. பழைய போரை சும்மா மூடி போட்டு விடாம உள்ள சிமென்ட் நிரப்பி அடைச்சிடுங்க.

தாகம்தீரல:

அப்பாகிட்ட இதை படிச்சுக் காட்டினேன், போர்காரருக்கு ஃபோன் போட்டு க்ரௌட் பத்தி கேட்டுட்டு இருக்கார். பழைய போரை அடைக்கறதுக்கு முன்னாடி கண்காணிப்புக் கிணறா நகராட்சி எடுத்துக்க கேக்கலாமா?

பாறைக்கு_அடியில:

கேளுங்க, நல்ல யோசனை. எந்த ஆழத்துல இருந்து தண்ணி வருதுன்னு கேசிங் விவரம் இருந்தா தான் எடுத்துப்பாங்க, போர் போட்டப்ப எழுதிக் குடுத்த சீட்டு ஏதாச்சும் வீட்டுல இருக்கான்னு தேடிப் பாருங்க.